கலக்கிய குச்சி

ஒரு பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் குச்சியும் உப்புக்கல்லும் நெடுநாள் சிநேகிதர்களாக இருந்தன. ஒருநாள் உப்புக்கல் அலமாரியிலிருந்து இடறி, கீழே தராசின் மேல் தண்ணீரோடு இருந்த கண்ணாடிக் குவளையான முகவைக்குள் விழுந்துவிட்டது. பதறிப்போன குச்சி, அதைத் தூக்கிவிட எண்ணி உள்ளே குதித்துத் துழாவியது. துழாவத் துழாவ உப்புக்கல் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் காணாமலே போய்விட்டது.

"நானே அவனை அழித்துவிட்டேன்," என்று வெளியே வந்து அழுதது குச்சி.

"அழாதேப்பா," என்றது தராசு. "அவன் விழுந்தபோது ஏறிய எடை இன்னும் அப்படியே இருக்கிறது. அவன் உள்ளேதான் இருக்கிறான்."

"கண்ணுக்குத் தெரியாதவன் எப்படி இருப்பான்? ஆறுதலுக்காகச் சொல்லாதே," என்ற குச்சி முகவையிடம் திரும்பியது. "இந்தத் தண்ணீரைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. கொட்டிவிடு, அண்ணே."

முகவை பக்கத்திலிருந்த கழுவுதொட்டிக்குள் சாய்ந்தது. தண்ணீர் குழாய் வழியே ஓடிப்போனது.

மத்தியான வெயிலில் குச்சியின் மேலிருந்த ஈரம் காய்ந்தது. அந்த இடத்தில் வெள்ளையாக நாலைந்து பொடிகள் மின்னின.

"நல்லவேளை, நீ பக்கத்தில் இருக்கிறாய்," என்றது பழகிய குரல், மிக மெல்லிதாக. "என் மீதி எங்கே?"