இரண்டாம் சனிக்கிழமை

“இன்னிக்கு கிளிப்பை எடுத்துடலாம்னுதான் இருந்தேன். மறுபடியும் பல்லுல ஒட்டின பிராக்கெட் ரெண்டு கழண்டிருக்கே” என்றார் டாக்டர் பாகீரதி.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த லாவண்யா கூரையைப் பார்த்தாள். பதினைந்து வயது. பல்லுக்குக் கிளிப் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. ஒன்றரை வருடத்தில் முடிந்திருக்க வேண்டியது.

“நல்லா கேளுங்க டாக்டர்” என்று அவள் அம்மா வேதநாயகி ஆரம்பித்தாள். “அடுத்த மாசக் கடைசியில பத்தாங்கிளாஸ் குரூப் போட்டோ. எல்லா போட்டோவுலயும் வாய மூடிக்கினு நிக்குது. பார்த்தா வயிறு எரியுது.”

“என்னம்மா கடிச்ச?” என்றார் டாக்டர்.

லாவண்யா கண்ணைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

“பாப்பா, வேணும்னே உடைக்கிறியா?” என்றான் அப்பா உத்தமன்.

“சாக்கு, சாக்கு, போதும். புள்ளைய மெரட்டாதீங்க” என்றாள் வேதநாயகி. மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். டாக்டரிடம் வரும் நாளுக்கென்றே அதை எடுத்து வைத்திருந்தாள்.

மிரட்ட உத்தமனுக்கு உரிமை உண்டு. தொண்ணூற்றைந்தில், ஆஸ்டின் டவுன் தெருமுனைப் பல் டாக்டர் ‘ஆறே மாசத்துல நேராக்கிடறேன்’ என்றதும் வேதநாயகி தலையாட்டிவிட்டாள். கேள்விப்பட்டு வந்த உத்தமன்தான் விடவில்லை. லேத் பட்டறையில் வேலை செய்பவன். எதையும் அளந்து பார்ப்பான். மூன்று கிளினிக் ஏறி இறங்கினான். போர்டில் எம்.டி.எஸ். என்று இருந்தாலும், “எதுல எம்.டி.எஸ்.? பல்லு நேராக்கறதுக்குன்னே படிச்சதா?” என்று கேட்டான். இரண்டு பேர் முறைத்தார்கள். பாகீரதி மட்டும் அலமாரியைத் திறந்து, பழைய பிள்ளைகளின் பல் அச்சுகளை வரிசையாக வைத்தார். கிளிப் போடும் முன் ஒன்று, எடுத்த பின் ஒன்று.

“ஆறு மாசமெல்லாம் முடியாது. மாசம் ஒரு தடவை கொஞ்சங்கொஞ்சமா நகர்த்தணும். அவசரப்பட்டா வேர் போயிடும்” என்றார்.

முடியாது என்று சொன்ன டாக்டரை உத்தமனுக்குப் பிடித்துப்போயிற்று. மாதாமாதம் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

பிராக்கெட்டை மறுபடி ஒட்டும்வரை உத்தமனும் வேதநாயகியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“உனக்கும் முன்பல்லு தூக்கினுதானே இருந்துச்சு” என்றான் உத்தமன். “அல்சூர் ஏரிக்கரையில போட்டோ எடுத்தமே, ஞாபகம் இருக்கா? போட்டோக்காரன் ‘சிரிம்மா, சிரிம்மா’ன்னு கத்தறான். நீ முந்தானைய வச்சி வாய மூடிக்கின.”

“அப்பவே கிளிப் போட்டிருந்தா அழகா இருந்திருப்பேன்.”

“போட்டிருந்தா லேத்துக்காரனுக்கு உன்னை எவன் குடுத்திருப்பான்?”

வேதநாயகி சிரித்தாள். முந்தானையைத் தேடவில்லை.

டாக்டர் லாவண்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். “அடுத்த மாசம் கண்டிப்பா எடுத்துடலாம். அப்புறம் ராத்திரியில ரீடெய்னர் மாட்டணும். இல்லன்னா பல்லு பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.”

“அதுக்கும் மாசாமாசம் வரணுமா டாக்டர்?” என்றாள் வேதநாயகி.

“வேண்டாம்மா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும்.”

வேதநாயகி சரி என்று தலையாட்டினாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் உத்தமன் மகளின் தலையைத் தடவினான். “அடுத்த ரெண்டாவது சனிக்கிழமை. அதோட எல்லாம் முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். ஒக்கலிபுரத்தில் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு நாலு வருடம் ஆகிறது.

பஸ் திரும்பும்வரை வேதநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிரே இருந்த காண்டிமெண்ட்ஸ் பலகாரக் கடைக்குப் போய், கல் மாதிரி பொரித்த நிப்பட்டுத் தட்டை நாலு வாங்கினாள். ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினாள். லாவண்யா வாங்கிக்கொண்டாள்.

“இந்த வாட்டி வலது பக்கமா வச்சிக் கடி. எப்பவும் இடது பக்கமே கழண்டா டாக்டருக்கு டவுட் வரும்” என்றாள் வேதநாயகி.