ஒரு கட்டுரைகூட இல்லை

“ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைகூட எழுதினதில்லையா?”

நேர்முகத் தேர்வில் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். அறுவை சிகிச்சை மேற்படிப்புக்காக அவன் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வந்ததும், “சொல்லி அனுப்பறோம்” என்பார்கள். இன்றுவரை ஒருத்தரும் சொல்லி அனுப்பியதில்லை.

இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் மாமனாரின் மருந்துக்கடையில் உட்கார வேண்டியதுதான். அவர் நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

“இல்லைங்க சார்.”

“அடுத்தவங்க எழுதினதுல உங்க பேராவது?” என்றார் பக்கத்தில் இருந்த பெண் டாக்டர்.

“இல்லைங்க மேடம்.”

“நிஜமா? எங்கேயாவது ஒரு மூலையில, சின்னதா?”

வெந்த புண்ணில் இப்படியா வேலைப் பாய்ச்சுவது! “சத்தியமா இல்லைங்க” என்றான், அழாத குறையாக.

மேடத்தின் முகம் மலர்ந்தது. ஊசியையும் நூலையும் கொடுத்து ஒரு ஸ்பாஞ்சைத் தைக்கச் சொன்னார்கள். தைத்ததை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“படிப்பு முடியற மூணு வருஷமும் இருப்பீங்கல்ல? பாதியில ஓடிட மாட்டீங்களே?” என்றார் பெரிய டாக்டர். “அப்ப இடம் உங்களுக்குத்தான். வெளியே போய் யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க.”

வராந்தாவுக்கு ஓடிவந்து மனைவிக்குப் போன் போட்டான்.

“கிடைச்சிடுச்சுடி! இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஆராய்ச்சி இல்லைங்கறதைக் கண்டுக்கவே இல்லை. இங்கே கைத்திறமைக்குத்தான் மரியாதை!”

“அப்ப அந்தச் சின்ன ஆஸ்பத்திரி? கட்டுரை எழுத நானே கத்துத் தரேன்னு அந்த டாக்டர் சொன்னாரேங்க. உங்களுக்காக இடத்தை வேற பிடிச்சு வெச்சிருக்காரு.”

“அங்கே லிஃப்டே ஓடலை. இங்கே சுவர் முழுக்க ஆராய்ச்சிக்கு வாங்கின பரிசு. கத்துத் தர இங்கே ஆளா இல்லை?”

“சரி, இவங்களுக்கு உங்களை ஏன் இவ்வளவு பிடிச்சுதாம்?”

“உன்னைத் தவிர எல்லாருக்கும் என் அருமை தெரியுது.”

“அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போகுது. அப்புறம் உங்க இஷ்டம்.”

அவனா கேட்பான்? அடுத்த போன் சின்ன ஆஸ்பத்திரிக்கு. “மன்னிக்கணும் சார், எனக்கு வேற இடம் கிடைச்சிடுச்சு.” அந்த நல்ல மனுஷர் வாழ்த்தினார். கையோடு, வாசலில் காத்திருந்த வேறொரு பையனை அவர் உள்ளே கூப்பிடுவதும் போனில் கேட்டது.

திரும்பி உள்ளே போய், சேர்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

“சார், உங்க நம்பிக்கையை வீணாக்க மாட்டேன். என் குறையை இங்கேயே தீர்த்துக்கறேன். அடுத்த வாரமே ஒரு கட்டுரை எழுத ஆரம்பிச்சிடறேன்.”

பெரிய டாக்டர் பதறிப்போய் எழுந்துவிட்டார். “ஐயையோ, ஒரு வரிகூட எழுதிடாதீங்க! கெட்டுது காரியம்!”

“ஏன் சார்?”

“ஆராய்ச்சி வாசனையே இல்லாத ஆள் சர்ஜன் ஆனா அவர் கதி என்னன்னு பார்க்கத்தானே உங்களை எடுத்திருக்கோம்! தேடாத இடமில்லை. வர்றவங்க எல்லாம் ஒண்ணு ரெண்டு எழுதித் தொலைச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் சுத்தம்.”

அவன் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தான். “அப்ப… மூணு வருஷம் கழிச்சு எனக்கு யார் சார் வேலை கொடுப்பாங்க?”

மேடம் ஆசையாக முன்னால் சாய்ந்தார்.

“அதைத்தாங்க நாங்களும் ஆராய்ச்சி பண்றோம்!”