வெறுங்காலோடு

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. உரக்கச் சொல்லக்கூடிய கதை இல்லை இது.

அவள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருதமரம். அதன் வேரடியில்தான் ஊருக்குக் குடிநீர் ஊற்று. மரம் போனால் ஊற்று போகும். ஊற்று போனால் ஊரே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சுற்றிலும் ஊர்ப் பெண்கள், ஆளுக்கொரு மரமாக.

எல்லோரும் வெறுங்கால். அது சாமி காடு. எல்லைக்கல்லருகே செருப்பை விட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள். மரத்தைக் காக்க ஓடிவந்த அன்றும் அப்படித்தான் வந்தார்கள்.

பெண் போலீஸ் ஒருத்தி அவள் விரல்களைப் பிரித்தாள்.

"விடும்மா. மரம் என்ன உன் புருஷனா?"

"புருஷனா இருந்தா எப்பவோ விட்டிருப்பேன், தாயி."

போலீஸ்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

அவள் திமிறவில்லை. கை ஓங்கக் கூடாது, வாய் நீளக் கூடாது என்று ஊர் கூடிப் பேசியிருந்தது.

பெண்களை ஏற்றிய போலீஸ் வேன் எல்லைக்கல்லை ஒட்டி நின்றது. கம்பி வழியே பார்த்தாள். மெஷின் ரம்பத்தோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவன் தீர்த்தன்.

அவள் கூடப்பிறந்த தம்பி. பிழைப்புக்கு மலை இறங்கிப் போனவன்.

"தீர்த்தா!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கல்லருகே நின்றுவிட்டான்.

வேனுக்குள் அழுகை அடங்கியது.

"நின்னுட்டான்டி," என்றாள் பக்கத்திலிருந்தவள். "உன் தம்பி நின்னுட்டான்."

அவன் குனிந்தான்.

செருப்பைக் கழற்றினான்.

நீல வார் வைத்த அக்காவின் செருப்பு அங்கே கிடந்தது. போன பொங்கலுக்கு அவன் வாங்கித் தந்தது. அதன் பக்கத்தில் தன்னுடையதை வைத்தான்.

பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள்.

வெறுங்காலோடு உள்ளே போனான். மருதமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இடுப்பில் தூக்கி வந்து, அதே மரத்தடியில் இறக்கிவிட்டு, அப்படிக் கும்பிடச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

பிறகு மெஷின் உறுமியது.

வேன் கிளம்பியது. கல்லருகே அக்கா செருப்பும் தம்பி செருப்பும் பக்கம் பக்கமாகக் கிடந்தன, ஒரே வீட்டு வாசலில் கிடப்பதுபோல.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வாசலில் எந்நாளும் செருப்பு நிறைந்து கிடக்கட்டும். உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க, உங்கள் குடத்தில் தண்ணீர் இருக்கட்டும்.