கட்டைவிரல் செதில்

உலகத்தில் கல்லாய் உறைந்த வேறெந்தப் பழங்கால மீனுக்கும் இல்லாத வட்டவட்டச் செதில், தான் கண்டெடுத்த மீனுக்கு இருக்கிறது என்று எழுதித்தான் அவர் பேராசிரியரே ஆனார். முப்பது வருஷம் கழித்து அவருடைய மாணவி அதைப் புது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது செதில் இல்ல. உடைஞ்ச கல்லை ஒட்டுற பசையில பதிஞ்ச வலது கட்டைவிரல் ரேகை."

பேராசிரியருக்கு முகம் சுண்டிப்போனது. கல்லைச் சுத்தம் செய்யும் உதவியாளர் மேல் பாய்ந்தார்.

"ஏன்யா, அந்தக் கல்லைத் தொட்டது நீயும் நானும்தான். பசை காயறதுக்குள்ள கை வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. என் மானத்தையே வாங்கிட்டியே."



"அண்ணே, உங்க ரேகையை ஒரு தாள்ல வச்சுக் குடுங்க. கட்டுரையில சேர்க்கணும்" என்று ஸ்டாம்ப் பேடைத் திறந்து உதவியாளரிடம் நீட்டினாள் மாணவி.

அவர் கையுறையைக் கழற்றினார். வலது கையில் நாலே விரல்.

"கட்டைவிரல் கல்லறுக்கற மெஷின்ல போச்சும்மா. சார் இங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தியே."

மீன் துடுப்பில் முள் முள்ளாக எண்ணியே காலத்தை ஓட்டிய பேராசிரியர், தலையைக் குனிந்தபடி ஸ்டாம்ப் பேடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.