ஒரு வசவு குறைவு

நோயாளியின் மனமகிழ்ச்சி அளவு ஐம்பதைத் தொட்டால்தான் கீமோ என்பது ஆஸ்பத்திரியின் புது விதி. அதை அளக்கும் என் கைப்பட்டை நாற்பத்திரண்டு காட்டியது. இரண்டு வாரமாக மருந்து ஏறவில்லை. கட்டி மட்டும் எந்த விதியையும் மதிக்காமல் வளர்கிறது.

தொற்றுக்காலம், துணைக்கு ஆள் வரக்கூடாது. நர்ஸ் எஸ்தர் என் மனைவி பிரமுவைத் திரையில் வரவழைத்தாள்.

"கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்," என்றாள் பிரமு தேன்குரலில்.

சாகக் கிடப்பவர்களிடம் மட்டும்தான் அவள் அப்படிப் பேசுவாள். பட்டை இருபதுக்கு இறங்கியது.

"ஏட்டி, டாக்டர் உங்கிட்ட தனியா எதுவும் சொன்னாரா?"

"இப்படித்தான் பேசணும்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க! கிழட்டு மூதி, ஒழுங்கா மருந்த ஏத்திக்கிடும். இல்லேன்னா வீட்டுப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது, ஆமா!"

அப்பாடா, பிழைத்துவிடுவேன். பட்டை நாற்பது, நாற்பத்தாறு, நாற்பத்தொன்பது என்று ஏறியது. எஸ்தர் ஊசியை எடுத்தாள்.

திரை அணைந்தது. "நோயாளியிடம் கடுஞ்சொல். இணைப்பு துண்டிக்கப்பட்டது," என்றது ஒரு குரல்.

"ஒண்ணுதானம்மா குறையுது. நீயாவது ஒரு வார்த்தை திட்டேன்," என்று கெஞ்சினேன்.

"எங்களுக்கும் எழுதிக் குடுத்திருக்காங்க தாத்தா," என்று புன்னகை மாறாமல் ஊசியைத் திரும்ப வைத்தாள் எஸ்தர்.