கறுப்புச் சீட்டு

ஏப்ரல் வெயிலில் தாய்லாந்தின் கோராட் நகரப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை கொதிக்கிறது. இளைஞர்கள் பானையில் சீட்டெடுக்கிறார்கள்; சிவப்பு வந்தால் இரண்டு வருடம் கட்டாய ராணுவம், கறுப்பு வந்தால் வீடு. வேலிக்கு வெளியே கூட்டம் விசிறிக்கொண்டு நிற்கிறது. "பட்டாளத்துக்குப் போனாத்தான் ஆம்பள! எம் மவன் சிவப்புதான் எடுப்பான்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார் ஓய்வுபெற்ற சார்ஜென்ட் பிரசித். "அப்போ ஒங்க மெக்கானிக் கடையை யாருண்ணே பாக்கிறது?" என்கிறாள் ஐஸ் விற்கும் லம்துவான். "மொதல்ல நாட்டைப் பாக்கட்டும்!" "நாடு எங்கண்ணே ஓடிப் போவுது?" கூட்டம் சிரிக்கிறது. உள்ளே அவர் மகன் தனகோன் வெறுங்கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் பானைக்குள் விடுகிறான். சிரிப்பு அடங்குகிறது. அதிகாரி சீட்டைப் பிரித்து, "கறுப்பு!" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். பையன் இன்னும் சிரிக்கக்கூட இல்லை. அதற்குள் பிரசித் வேலியேறிக் குதித்து, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல், அவனைக் கட்டிப்பிடிக்க ஓடுகிறார். "சார்ஜென்ட் அண்ணே, செருப்பு!" என்று கத்துகிறாள் லம்துவான்.