நாலு கடை, ஒரு பஸ்

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள். அதற்காகக் கொல்லிமலைக் குப்புசாமி வாயைக் கட்டிக்கொண்டு இருப்பானா? மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் திருச்சி ஜில்லா. அங்கே கடைகள் திறந்துதான் இருந்தன.

“மச்சான், விடியால துறையூர்ல பஸ் ஏறறோம். திருச்சி டவுன்ல உறையூர்ல ஒரு கடை, பாலக்கரையில ஒண்ணு, கோட்டைகிட்ட ரெண்டு. ஒரு மொந்தை குடிச்சதும் அடுத்த பஸ்!” என்றான் கூட்டாளி ராசுவிடம்.

ராசு பயந்தான். “குடிச்சது தெரிஞ்சா ஊர்க்கவுண்டரு தண்டமா கெடா வெட்டி ஊருக்கே சோறு போடச் சொல்லிருவாரு மச்சான்.”

“அவரு மலையில. நாம டவுன்ல!”

மறுநாள் மத்தியானம் துறையூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது இருவருக்கும் பூமியே ஆடியது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரே, சந்தைக்கு மிளகு கொண்டுவந்த ஊர்க்கவுண்டர், விற்காத மூட்டையோடு நின்றார்.

“ஊதுங்கடா!”

குப்புசாமி ஊதினான். கவுண்டர் மோந்து பார்த்தார். மறுபடியும் ஊதச் சொன்னார். கள் வாடையே இல்லை.

“சொட்டுக்கூடக் குடிக்கலீங்க,” என்றான் குப்புசாமி. “பொறந்ததுலேருந்து இன்னிக்குத்தானுங்க பஸ் ஏறுனோம். பொறப்பட்டதுமே கள்ளாட்டம் கிறுகிறுன்னு தலைக்கு ஏறிருச்சுங்க. எந்திரிக்கவே முடியல. அதே பஸ்லயே திரும்பிட்டோம். என்ன சொகம்ங்க!”

“அப்ப கெடா வேண்டாமுங்களா?” என்றான் ராசு.

கவுண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூட்டையைத் தூக்கி ராசுவின் தலையில் வைத்தார்.

“இதை எங்க ஊட்டுல குடுத்துரு. கெடாவைப் பத்தி நான் திரும்பி வந்து பேசிக்கறேன்.”

தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உறுமிக்கொண்டிருந்த திருச்சி பஸ்ஸில் ஏறினார்.